கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள்... ஊரைச் சுற்றினேன்!

அமெரிக்காவில் தபால் பெட்டியைத் திறந்ததும் வயிற்றைக் கலக்குகிற கடிதங்கள் இரண்டு. ஒன்று, வருமான வரி ஆபீஸிலிருந்து வருவது. இன்னொன்று ஜூரி சம்மன். வரிக் கடிதத்தை ஆடிட்டர் தலையில் கட்டிவிடலாம். ஜூரி சம்மனுக்கு நாமேதான் போயாக வேண்டும்.

இங்கே கிரிமினல் வழக்கு விசாரணைக்கு வந்தால், குற்றம் செய்தாரா இல்லையா என்று பெரும்பாலும் நீதிபதி முடிவு செய்வதில்லை. ஊரிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்த 12 பேர் முடிவு செய்கிறார்கள். டீச்சர், பிளம்பர், காலேஜ் மாணவி என்று யாராகவும் இருக்கலாம். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது முடிந்திருக்க வேண்டும், இங்கிலீஷ் புரிய வேண்டும். 12 பேரும் ஒரே குரலில் சொன்னால்தான் தீர்ப்பு.

நம் நாட்டிலும் இந்த முறை இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கு ஞாபகம் இருக்கிறதா? தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் 1945ல் சென்னையில் குற்றவாளிகள் என்று சொன்னது ஒரு ஜூரிதான். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் விடுதலையாகி வெளியே வந்தார்கள். பிறகு 1959ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கு. ஜூரியில் எட்டுப் பேர் 'குற்றவாளி இல்லை' என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டனை கொடுத்தது. அதன் பிறகு ஜூரி முறையே நம் நாட்டில் மெல்ல வழக்கொழிந்து போனது. அதனால் என் தலைமுறைக்கு ஜூரி என்றால் இங்கிலீஷ் சினிமாதான்.

நான் இருப்பது ஃபிலடெல்ஃபியா. குடியுரிமை வாங்கிக் கொஞ்ச காலத்திலேயே சம்மன் வந்துவிட்டது. சம்பளமும் உண்டு. முதல் மூன்று நாளைக்குத் தினம் 9 டாலர், நான்காம் நாளிலிருந்து 25 டாலர். 'ஒரு நாள் அல்லது ஒரு வழக்கு' என்பது இங்கே விதி. எந்த வழக்குக்கும் நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் அன்று சாயங்காலமே கடமை முடிந்தது.

ஆபீஸில் எல்லோரும் ஒரே அறிவுரைதான் சொன்னார்கள்: "தடியா ஒரு புத்தகம் எடுத்துட்டுப் போ." நான் அதோடு போனுக்கு ஒரு பவர் பேங்க்கும் எடுத்துக்கொண்டேன். கோர்ட் கட்டடத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. ஆனால் அந்தக் கட்டடம் இருப்பது ஊரின் நட்ட நடுவில். சீக்கிரம் போனால் காலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். மதியச் சாப்பாட்டு இடைவேளையும் உண்டு. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் டவுனுக்குள் நான் நிதானமாக நடந்ததே இல்லை. வீடு, ஆபீஸ், பிள்ளைகளின் ஸ்கூல், இந்தியன் ஸ்டோர். மதுரைக்காரி மீனாட்சி கோயில் சிற்பத்தைப் பார்க்கிற மாதிரிதான். உறவுக்காரர் வந்தால்தான் நாமும் அண்ணாந்து பார்ப்போம்.

மே மாதம். காலை ஏழேகாலுக்கு ரயிலை விட்டு இறங்கிப் படி ஏறி வெளியே வந்தேன். சிட்டி ஹால் முன்னால் நின்றது.

இது நகராட்சிக் கட்டடம். ஆனால் பார்த்தால் பிரெஞ்சு ராஜா அரண்மனை மாதிரி இருக்கும். 1871ல் கட்ட ஆரம்பித்து 1901ல் முடித்தார்கள். உயரம் 548 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கோபுரத்தின் அடிச்சுவர் 22 அடி கனம். அந்தக் காலத்தில் ஆட்கள் புழங்கும் கட்டடங்களில் உலகிலேயே உயரமானது என்ற பெயர் 1908 வரை இதற்கு இருந்தது. உச்சியில், 37 அடி உயரத்தில், அகலத் தொப்பி போட்ட ஒரு வெண்கல மனிதர். வில்லியம் பென். இந்த ஊரை உண்டாக்கியவர், பென்சில்வேனியா மாநிலத்துக்குப் பெயர் கொடுத்த குடும்பம்.

தரையிலிருந்து பார்க்கும்போது அந்தச் சிலை கொலு பொம்மை அளவுதான் தெரியும். முகம் வடகிழக்கு நோக்கி இருப்பதால் நாளில் முக்கால்வாசி நேரம் நிழலில் கிடக்கும். செய்த சிற்பி அலெக்சாண்டர் மில்ன் கால்டருக்கே இதில் ரொம்ப வருத்தமாம். ஆனால் காலை வெயில் மட்டும் நேரே முகத்தில் விழும். ஆர்ச் தெருப் பக்கம் போய் நின்று, போனில் ஜூம் பண்ணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஏழெட்டுப் படத்தில் ஒன்றில் மூக்கு, வாய், கழுத்துப்பட்டி எல்லாம் வந்துவிட்டது.

அந்தத் தொப்பிக்கு ஒரு கதை இருக்கிறது. பென் தொப்பியைத் தாண்டி யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று ஊரில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. மதுரையில் கோயிலைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு இருப்பது மாதிரி. 1987ல் 'ஒன் லிபர்ட்டி பிளேஸ்' என்ற கட்டடம் தொப்பியைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம் ஊரின் பெரிய விளையாட்டு அணிகள் எதுவும் சாம்பியன்ஷிப் ஜெயிக்கவில்லை. பென் சாபம் என்று ஊரே பேசியது. 2007ல் காம்காஸ்ட் சென்டர் கட்டியபோது தொழிலாளர்கள் உச்சி உத்தரத்தில் குட்டியாக ஒரு பென் பொம்மையை ஒட்டிவைத்தார்கள். இனிமேல் அவர்தான் உயரம்! அடுத்த வருஷமே பேஸ்பால் அணி உலகத் தொடரை ஜெயித்தது. நம் ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தோடு நின்றிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டேகாலுக்குள் கோர்ட்டில் இருக்க வேண்டும். ஃபில்பர்ட் தெருவில், சிட்டி ஹாலுக்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. பையை ஸ்கேன் பண்ணி, பெல்ட்டைக் கழற்றி மாட்டி உள்ளே போனால், கல்யாண மண்டபம் மாதிரி ஒரு பெரிய ஹால். ஆனால் நாதஸ்வரம் இல்லை, யார் முகத்திலும் சிரிப்பில்லை. ஒரு ஃபாரம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். உங்களுக்கோ, நெருங்கியவர்களுக்கோ எப்போதாவது குற்றம் நடந்திருக்கிறதா? போலீஸ்காரர் என்பதற்காகவே ஒருவர் சாட்சியை அதிகம் நம்புவீர்களா? அல்லது அதற்காகவே குறைவாக நம்புவீர்களா?

கடைசி இரண்டு கேள்வியில் பேனா நின்றுவிட்டது. ஆமாம், இல்லை என்று டிக் அடித்துவிட்டுப் போகிற கேள்வியா அது? இந்த நாட்டிலும் சரி, பிறந்த நாட்டிலும் சரி, எத்தனை செய்தி படித்திருக்கிறோம்!

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியம்மா. எழுபதை நெருங்கும் கறுப்பின அம்மா, மடியில் பின்னல் நூல். சிட்டி பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவராம். இது நான்காவது தடவை என்றார். "மத்தவங்க எல்லாம் எப்படித் தப்பிக்கிறதுன்னு பார்ப்பாங்கம்மா. நான் வந்துடுவேன். எங்க வீட்டுப் பையன் அந்தப் பெஞ்சுல உட்கார்ந்தா, எதிர்ல என்னை மாதிரி ஒருத்தி இருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார்.

பதினொன்றே முக்கால் வரை எங்கள் எண்ணைக் கூப்பிடவில்லை. ஒன்றேகாலுக்குத் திரும்பி வாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். பெரியம்மா ஒரே ஒரு இடம் சொன்னார்: "கேட்டோவைப் பார்த்திருக்கியா? தெற்கு வாசல் பக்கம் போ."

பசி முந்திக்கொண்டது. கோர்ட்டிலிருந்து இரண்டு நிமிஷ நடையில் ரீடிங் டெர்மினல் மார்க்கெட். 1893லிருந்து இருக்கும் சந்தை. மேலே ரயில் நிலையக் கொட்டகை, கீழே கடைகள். ரயில் 1984ல் நின்றுபோனது, சந்தை நிற்கவில்லை. மீன், இறைச்சி, சீஸ், தேன், பூ என்று ஒரே கூரைக்குள் எல்லாம். நடுவில் ஃபில்பர்ட் என்று பெயர் வைத்த வெண்கலப் பன்றி உண்டியல். குழந்தைகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஆமிஷ் மக்களின் கடைகள் நிறைய. கார், டி.வி. இல்லாமல் குதிரை வண்டியில் போகிற கிறிஸ்தவ சமூகம். தங்களுக்குள் ஒருவகை ஜெர்மன் பேசிக்கொள்கிறார்கள். தலையில் வெள்ளைக் குல்லா போட்ட பெண்கள் மாவை நீளமாக உருட்டி, ஒரே சுழற்றில் முறுக்குப் போலப் பின்னி அடுப்பில் தள்ளுகிறார்கள். கை முறுக்கு சுற்றுகிற அத்தைமார்கள் பார்த்தால் ரசிப்பார்கள். ஆனால் கேமராவை இறக்கிவிடுங்கள். முகத்தைப் படம் எடுப்பது அவர்கள் வழக்கத்துக்கு ஒவ்வாது. நான் வெண்ணெய் வழிகிற பிரெட்ஸலை மட்டும் எடுத்தேன். சைவக்காரர்களுக்கு இதுவும், 1861லிருந்து நடக்கும் பாசெட்ஸ் கம்பெனி ஐஸ்கிரீமும் போதும், ஒரு வேளை ஓடிவிடும். என் ஒன்பது டாலர் அங்கேயே தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ் கடைகள் கிடையாது. அதைப் பார்த்து வாருங்கள்.

மணி பன்னிரண்டரை. சிட்டி ஹாலின் வளைவு வாசல் வழியாக நுழைந்து நடு முற்றத்தைக் கடந்தால் தெற்குப் பக்கம். கட்டடம் முழுக்க 250க்கும் மேல் சிற்பங்கள். கழுத்து வலிக்கும். ஆனால் தெற்கு வாசலுக்கு வெளியே இருக்கிற சிலைக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. 12 அடி உயரம். கைகளை விரித்து, காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் நடந்து வருகிற ஒரு இளைஞர். எதிரில் எவர்சில்வர் மாதிரி பளபளக்கும் ஓட்டுப்பெட்டி.

ஆக்டேவியஸ் கேட்டோ. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார், பேஸ்பால் ஆட்டக்காரர். ஊரின் டிராம் வண்டிகளில் கறுப்பினத்தவரை ஏற்ற மறுத்தபோது போராடி 1867ல் சட்டம் வரவைத்தவர்களில் ஒருவர். 1870ல் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. 1871 அக்டோபர் 10, தேர்தல் நாள். கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாதென்று ஊரில் கலவரம். கேட்டோவைத் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். வயது 32.

சுட்டதாகச் சொல்லப்பட்ட ஆள் ஊரை விட்டு ஓடி, பல வருஷம் கழித்துப் பிடிபட்டார். 1877ல் விசாரணை. கண்ணால் பார்த்தவர்கள் வந்து அடையாளம் காட்டினார்கள். ஜூரி அவரை விடுதலை செய்துவிட்டது.

கேட்டோ செத்த அதே 1871ல்தான் இந்தக் கட்டடத்துக்கு வேலை ஆரம்பித்தார்கள். அவருக்குச் சிலை வைத்தது 2017ல். ஊரின் பொது இடத்தில் தனி ஒரு கறுப்பின மனிதருக்கு வைத்த முதல் சிலை இதுதான்.

நான் பையில் 'ஜூரர்' ஸ்டிக்கரோடு நின்றுகொண்டிருந்தேன். இந்தச் சிலையைப் படமெடுக்க மத்தியான வெயில் சரியில்லை, முகத்தில் நிழல் கறுப்பாக விழுகிறது. கீழே உட்கார்ந்து, விரிந்த கைக்கு நடுவில் வானம் வரும்படி எடுத்தேன்.

அங்கிருந்து மேலே பார்த்தால் பென். இவருக்கும் ஒரு ஜூரி கதை உண்டு.

1670, லண்டன். அரசாங்கச் சபை அல்லாத பிரார்த்தனைக் கூட்டங்களுக்குத் தடை. குவேக்கர்களின் கூட்ட அறையைப் பூட்டிவிட்டார்கள். 25 வயது பென் தெருவில் நின்று பேசினார். கைது. கோர்ட்டில் தொப்பியில்லாமல் நுழைந்தவர்களுக்கு வேண்டுமென்றே தொப்பியை மாட்டிவிடச் சொல்லி, பிறகு 'கோர்ட்டில் தொப்பியைக் கழற்றவில்லை' என்று அபராதம் போட்டார்கள். ஆமாம், தொப்பிதான்! குவேக்கர்கள் யாருக்காகவும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள் என்பது தெரிந்தே செய்த வேலை.

ஜூரி 12 பேர். 'தெருவில் பேசினார், அவ்வளவுதான்' என்றார்கள். நீதிபதிகளுக்குக் கோபம். நாங்கள் கேட்கிற தீர்ப்பு வரும்வரை சோறில்லை, தண்ணீரில்லை, நெருப்பில்லை என்று பூட்டிவைத்தார்கள். இரண்டு இரவு. கடைசியில் ஜூரி இன்னும் தெளிவாகவே சொன்னது: குற்றவாளி இல்லை. ஜூரிகளுக்கே அபராதம் போட்டு ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அதில் எட்வர்ட் புஷெல் என்பவரும் இன்னும் சிலரும் 'கட்ட மாட்டோம்' என்று உள்ளேயே இருந்து வழக்குப் போட்டார்கள். தலைமை நீதிபதி ஜான் வாகன் அவர்களை விடுவித்தார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்ற வழக்கம் அங்கிருந்து வருகிறது. லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் அந்த ஜூரிகளுக்கு நினைவுக் கல்வெட்டே உண்டு.

அந்த 12 பேர் முதல் இரவிலேயே பசி தாங்காமல் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதினோரு வருஷம் கழித்து, அப்பாவுக்கு ராஜா தர வேண்டிய கடனுக்குப் பதிலாகப் பென்னுக்கு இந்த நிலம் கிடைத்தது. எல்லா மதத்தாரும் இங்கே வரலாம் என்றார். அதே பென் வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணி ஒன்று. ஓட்டமும் நடையுமாக எதிர்ப் பக்கம் போய், கிளேஸ் ஓல்டன்பர்க் 1976ல் செய்த 45 அடி இரும்புத் துணி கிளிப்பை ஒரு படம். ஆமாம், கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்தான். பின்னால் சிட்டி ஹால் கோபுரம் வரும்படி எடுத்தால், பென்னைக் காயப்போட்ட மாதிரி இருக்கும்! ராபர்ட் இந்தியானாவின் 'லவ்' எழுத்துச் சிலையும் பக்கத்துப் பூங்காவில்தான். அங்கே போட்டோவுக்கு எப்போதும் க்யூ. தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு மணிக்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாற்பது பேர் லிஃப்ட்டில் ஏறி மேலே போனோம். கோர்ட் அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. வழக்கு என்னவென்று இங்கே எழுதுவது முறையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் என் மூத்த பையனைவிட ஒன்றிரண்டு வயது பெரியவராக இருப்பார். புதுச் சட்டை. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக்கோடு நெஞ்சில் அப்படியே தெரிந்தது, யாரும் இஸ்திரி போடவில்லை. நாங்கள் நுழையும்போது எழுந்து நின்று, ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் முறை வந்தபோது நீதிபதி அந்த இரண்டு கேள்விகளையும் தொட்டார். ஃபாரத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், உறுதிதானா? சீருடையைப் பார்த்து நம்பவும் மாட்டேன், சந்தேகிக்கவும் மாட்டேன், சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்வேன் என்றேன். சொன்னது என் காதிலேயே பெரிய வாக்குறுதியாகக் கேட்டது.

என் எண் 34. எனக்கு முன்னாலிருந்தவர்களிலேயே 12 பேரும் மாற்று ஜூரிகளும் நிறைந்துவிட்டார்கள். பெரியம்மா உள்ளே. எங்களை நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலரைக்கு வெளியே வந்தபோது சிட்டி ஹால் மேற்குப் பக்க நீரூற்றில் குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சாயங்கால வெயிலில் கட்டடம் தேன் நிறம். படம் எடுக்க அன்றைக்கே சிறந்த வெளிச்சம் அதுதான். சும்மா நின்றேன்.

ரயிலில் உட்கார்ந்து படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மதுரையில் அது நடுராத்திரி. மறுநாள் எழுந்து பார்த்தால் தங்கை துணி கிளிப்புக்குச் சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பியிருந்தாள். அம்மாவிடம் போனில் விவரமாகச் சொன்னேன். பென் தொப்பி, சாபம், முறுக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்த அம்மா கடைசியில் கேட்டாள்:

"அந்தப் புதுச்சட்டைப் பையனை என்னடி பண்ணாங்க?"

"தெரியலைம்மா. எங்களை அனுப்பின பிறகுதான் வழக்கே ஆரம்பம்."

"அந்தப் பஸ் ஓட்டின அம்மா உள்ள இருக்காங்கள்ல?"

"இருக்காங்க."

"சரி" என்றாள் அம்மா.